எழுந்து நிற்க உதவும் நாற்காலி: மேசையில் அமர்ந்து வேலை செய்யும் மூத்தோருக்கான வழிகாட்டி

நாற்காலி வாங்கும்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "உட்கார மெத்தென்று இருக்கிறதா?" என்பதுதான். அறுபது வயதைக் கடந்தவர்கள் அதனுடன் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "இதிலிருந்து என்னால் பிறர் உதவியின்றி எழுந்து நிற்க முடிகிறதா?"

சிங்கப்பூரில் மூத்தோர் பலர் நாளின் கணிசமான நேரத்தை மேசைமுன் கழிக்கின்றனர். 2022 ஜூலை 1 முதல் ஓய்வு பெறும் வயது 63ஆகவும் மறுவேலை வயது 68ஆகவும் உயர்த்தப்பட்டன. அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்கள், கூட்டுரிமை வீட்டு வாசலில் பாதுகாவல் பணியில் இருப்பவர்கள், கோயில் அலுவலகத்தில் தொண்டூழியம் புரிபவர்கள், வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள், கணினியில் கட்டணம் செலுத்துபவர்கள் என அனைவருக்கும் நாற்காலி தேவை. பொருந்தாத நாற்காலி முதுகுவலியைத் தருவதோடு நிற்பதில்லை. உட்காரும்போது நகர்ந்துவிடும் நாற்காலியும், எழும்போது தடுமாற வைக்கும் நாற்காலியும் ஒருவரைக் கீழே விழச் செய்யலாம். முதிய வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடமாட மாதக்கணக்கில் ஆகலாம். சிலரால் முழுமையாகத் தேறவும் முடிவதில்லை.

உங்கள் உடலுக்கும் மேசைக்கும் ஏற்ற நாற்காலியைத் தேர்ந்தெடுக்க இந்த வழிகாட்டி உதவும். அளவுநாடா ஒன்றையும் ஒரு பேனாவையும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வயது கூடும்போது உடலில் ஏற்படும் மாற்றங்கள்

வயது ஏற ஏறத் தொடைத் தசைகள் வலுவிழக்கின்றன. உட்கார்ந்த நிலையிலிருந்து எழ நாம் பெரிதும் நம்பியிருப்பது இந்தத் தசைகளைத்தான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மெலிந்து, உயரம் சற்றுக் குறையலாம். பிட்டத்தில் உள்ள சதை குறைவதால், முன்பு தொந்தரவு தராத கடினமான இருக்கை இப்போது வலியைத் தரலாம். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால்களில் இரத்தமும் நீரும் தேங்கிக் கணுக்கால் வீங்கலாம்.

இதனால், 40 வயதில் உங்களுக்குப் பொருந்திய நாற்காலி 70 வயதிலும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். மகனுக்கோ மகளுக்கோ வாங்கிய நாற்காலியும் உங்களுக்குச் சரிவராமல் போகலாம்.

முதலில் வீட்டில் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

கடைக்குச் செல்லும் முன் இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். உறுதியான, சக்கரமில்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மேசை வேலையின்போது வழக்கமாக அணியும் காலணியை அணிந்திருங்கள்.

1. முழங்கால் உயரம்: தரையிலிருந்து முழங்காலின் பின்புற மடிப்பு வரை. பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க வேண்டும்.

2. தொடை நீளம்: பிட்டத்தின் பின்பகுதியிலிருந்து முழங்காலின் பின்புற மடிப்பு வரை.

3. முழங்கை உயரம்: தோள்களைத் தளர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள்.

இவற்றுடன் உங்கள் மேசையின் உயரத்தையும், மேசைப் பலகையின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

நாற்காலியின் ஒவ்வொரு பகுதியும்

*இருக்கையின் உயரம்.* பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். தொடைகள் தரைக்கு இணையாகவோ, இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயர்ந்தோ இருப்பது நல்லது. இருக்கை மிகவும் தாழ்வாக இருந்தால் எழுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். மிகவும் உயரமாக இருந்தால் கால்கள் தொங்கும். அப்போது இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தி, கால் மரத்துப்போகலாம்.

*இருக்கையின் ஆழம்.* முதுகு சாய்மானத்தில் படும்படி பின்னால் தள்ளி உட்காருங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் இரண்டு முதல் மூன்று விரல் அளவு இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லையென்றால் இருக்கை உங்களுக்கு ஆழமானது. அத்தகைய நாற்காலியில் உட்காருபவர்கள் முன்னால் நகர்ந்து, முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் கூன்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உயரம் குறைவானவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

*முதுகுச் சாய்மானம்.* இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்நோக்கி வளைந்திருக்கும். சாய்மானத்தின் புடைப்பு சரியாக அந்த வளைவைத் தாங்க வேண்டும். சாய்மானம் செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை. சற்றே பின்னால் சாய்ந்த நிலை முதுகுத் தண்டின் சுமையைக் குறைக்கும். சாயும் கோணத்தை ஓரிடத்தில் பூட்டி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். சாய்ந்தவுடன் திடீரெனப் பின்னோக்கிச் செல்லும் நாற்காலி மூத்தோருக்கு ஏற்றதன்று.

*கைதாங்கிகள்.* மூத்தோருக்குக் கைதாங்கி கட்டாயம் வேண்டும். கைதாங்கி முழங்கைக்குத் தாங்கலாக இருப்பதுடன், எழும்போது அழுத்தி ஊன்றவும் உதவுகிறது. எனவே, அது ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும். இருக்கையின் முன்பகுதி வரை நீண்டிருந்தால் ஊன்ற வசதியாக இருக்கும். பக்கவாட்டில் மேலே மடங்கும் கைதாங்கி என்றால், ஊன்றும்போது மடங்கிவிடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

*அடிப்பகுதியும் சக்கரங்களும்.* சக்கர நாற்காலிக்கு ஐந்து கால்கள் கொண்ட அடிப்பகுதி இருக்க வேண்டும். வீவக வீடுகளில் பெரும்பாலும் ஓட்டுத் தரைதான். கம்பள விரிப்புக்கென்று செய்யப்பட்ட கடினமான சக்கரங்கள் ஓட்டுத் தரையில் வேகமாக வழுக்கி ஓடும். கடினத் தரைக்கு மென்மையான ரப்பர் பூச்சு கொண்ட சக்கரங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆள் எழுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் சக்கரங்களும் கிடைக்கின்றன. தடுமாற்றம் உள்ளவர்கள் சக்கரமே இல்லாத, நான்கு கால்கள் கொண்ட உறுதியான நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. கால்களின் அடியில் ரப்பர் மூடி பொருத்துங்கள்.

*மெத்தையும் துணியும்.* உட்கார்ந்ததும் அமிழ்ந்துபோகும் மெத்தை முதலில் சுகமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து எழுவது கடினம். கையால் அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீண்டும் நிமிரும் மெத்தையே நல்லது. நமது வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் காற்றுப் புகும் வலைத்துணியோ பருத்தி கலந்த துணியோ பொருந்தும். வழுவழுப்பான செயற்கைத் தோலில் வியர்வை தேங்கும். பட்டு, நைலான் புடவை அணிபவர்களுக்கு அது வழுக்கவும் செய்யும்.

*எடை வரம்பு.* ஒவ்வொரு நாற்காலிக்கும் அது தாங்கக்கூடிய எடை வரம்பு உண்டு. பெட்டியிலோ விலைச்சீட்டிலோ அதைப் பார்த்து, உங்கள் எடையுடன் ஒப்பிடுங்கள்.

நாற்காலியும் மேசையும் ஒத்துப்போக வேண்டும்

நல்ல நாற்காலி வாங்கிய பிறகும் தோள்வலி தீரவில்லை என்று பலர் குறைபடுவதுண்டு. அத்தகைய நேரங்களில் மேசையின் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பாட்டியின் முழங்கால் உயரம் 40 செ.மீ. முழங்கை உயரம் 21 செ.மீ. அவருடைய மேசையின் உயரம் 73 செ.மீ.

பாதம் தரையில் பதிய அவர் இருக்கையை 40 செ.மீ. உயரத்தில் வைத்தால், அவரது முழங்கை தரையிலிருந்து 61 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசையோ அதைவிட 12 செ.மீ. உயரம். தட்டச்சு செய்யவும் எழுதவும் அவர் தோள்களை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கும்.

சரியான கணக்கு இது:

மேசை உயரத்திலிருந்து முழங்கை உயரத்தைக் கழியுங்கள். 73 − 21 = 52. இருக்கை 52 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

அதிலிருந்து முழங்கால் உயரத்தைக் கழியுங்கள். 52 − 40 = 12. பாதத்துக்கு அடியில் 12 செ.மீ. உயரமுள்ள, வழுக்காத காலணை ஒன்று வேண்டும்.

காலணை என்பது பாதங்களை வைத்துக்கொள்ளும் தாழ்வான பலகை. இரு பாதங்களும் முழுமையாகப் பதியும் அகலம் அதற்கு இருக்க வேண்டும். ஆனால் காலணையின்மேல் பாதம் வைத்தபடியே எழ முயல்வது ஆபத்து. எழுமுன் அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, விசைப்பிடியை இழுத்து இருக்கையைத் தாழ்த்தி, பாதங்களைத் தரையில் பதித்த பிறகே எழ வேண்டும்.

இது சிரமமென்றால் மேசையைத் தாழ்த்துவதே சிறந்த வழி. மேசைப் பலகைக்கு அடியில் இழுப்புத் தட்டு ஒன்றைப் பொருத்தி விசைப்பலகையை அதில் வைக்கலாம். மர மேசை என்றால் தச்சரிடம் கொடுத்துக் கால்களைக் குறைக்கலாம். எப்படிச் செய்தாலும், உங்கள் தொடைக்கும் மேசைக்கும் இடையில் போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கைதாங்கி மேசையில் இடித்தால் நாற்காலியை அருகே இழுக்க முடியாது. அப்போது நீங்கள் முன்னால் குனிந்தே வேலை செய்ய நேரிடும்.

கடையில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள். கடைக்காரர் காத்திருக்கிறாரே என்று கூச்சப்படவும் வேண்டாம். குறைந்தது 10 நிமிடங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

• வழக்கமாக அணியும் காலணியுடன் செல்லுங்கள். மூக்குக்கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள்.
• விசைப்பிடிகளை நீங்களே இயக்குங்கள். விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சில பிடிகள் மிகவும் இறுக்கமாக இருக்கும். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள்.
• இருக்கையை மிகத் தாழ்த்தி, அதன் உயரத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள்.
• மூன்று முறை உட்கார்ந்து எழுங்கள். நாற்காலி பின்னால் ஓடுகிறதா, கைதாங்கி ஆடுகிறதா என்று கவனியுங்கள்.
• பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா, எத்தனை நாள்களுக்குள் என்று கேட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், படத்தை மட்டும் நம்பாமல் அளவுகளைப் படியுங்கள். இருக்கையின் குறைந்தபட்ச உயரமும் ஆழமும் குறிப்பிடப்படாத நாற்காலியைத் தவிர்த்துவிடுங்கள். பொருத்தி முடிக்கும் வேலையை விற்பவரோ பிள்ளைகளோ செய்வது நல்லது. திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பாக உட்காருவதும் எழுவதும்

உட்காரும்போது:
1. நாற்காலியின் விளிம்பு காலின் பின்புறத்தில் படும் வரை பின்னால் வாருங்கள்.
2. திரும்பிப் பார்த்து, இரு கைகளாலும் கைதாங்கிகளைப் பிடியுங்கள்.
3. மெதுவாக அமருங்கள். தொப்பென்று விழ வேண்டாம்.

எழும்போது:
1. இருக்கையின் முன்பகுதிக்கு நகருங்கள்.
2. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துத் தரையில் ஊன்றுங்கள்.
3. உடலை முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரட்டும்.
4. கைதாங்கிகளை அழுத்தி எழுங்கள். மேசையையோ கைத்தடியையோ பற்றி இழுத்து எழ வேண்டாம்.
5. நின்றதும் உடனே நடக்காமல் சில விநாடிகள் நில்லுங்கள்.

புடவை, வேட்டி, கைலி அணிபவர்கள் முந்தானையும் விளிம்பும் சக்கரத்தில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எழுமுன் ஒருமுறை கீழே பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாற்காலியைச் சுற்றி மின்கம்பிகள், மடங்கிய மிதியடிகள் இல்லாதபடி தரையைச் சுத்தமாக வைத்திருங்கள். உயரத்தில் உள்ள பொருளை எடுக்கச் சக்கர நாற்காலியில் ஒருபோதும் ஏறாதீர்கள்.

உங்களுக்கு இந்த உடல்நிலை இருந்தால்

*நீரிழிவு:* பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், காலணையின் விளிம்போ நாற்காலியின் காலோ அழுத்துவது தெரியாமல் போகலாம். நாள்தோறும் பாதங்களில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

*இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்கள்:* எழும்போது தலைசுற்றல் ஏற்படலாம். எழுமுன் கணுக்கால்களைப் பத்து முறை மேலும் கீழும் அசையுங்கள். தலைசுற்றல் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

*இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்:* தாழ்வான நாற்காலியும் சோஃபாவும் உங்களுக்கு ஆகாமல் இருக்கலாம். எந்த உயரம் ஏற்றது என்று உங்கள் மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ கேளுங்கள்.

*கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள்:* கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பீர்கள். கழுத்து வலிக்கும். திரையை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள்.

உங்கள் கால்களுக்கு வலு இருக்கிறதா? ஒரு சிறு சோதனை

கைதாங்கியும் சக்கரமும் இல்லாத, ஏறத்தாழ 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். வீட்டில் ஒருவரை அருகில் நிற்கச் சொல்லுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காருங்கள். எத்தனை விநாடிகள் ஆயின?

ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 12 விநாடிகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் தசைச் செயல்திறன் குறைந்திருக்கலாம். அப்படியென்றால் பதற்றம் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். பயிற்சியால் தசைகளை எந்த வயதிலும் வலுப்படுத்த முடியும். வலி, தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் ஏற்பட்டால் சோதனையை உடனே நிறுத்துங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், ஏற்கெனவே அடிக்கடி தடுமாறி விழுபவர்களும் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அதில் நெடுநேரம் தொடர்ந்து உட்காருவது உடலுக்கு நல்லதன்று. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். தண்ணீர் குடிக்கவோ சன்னலோரம் செல்லவோ இரண்டு நிமிடங்கள் நடந்தாலும் போதும். தொலைபேசியில் பேசும்போது நின்றுகொண்டு பேசுங்கள். சிங்கப்பூரின் உடலுழைப்பு வழிகாட்டி, மூத்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி செய்யவும், தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் செய்யவும் பரிந்துரைக்கிறது. உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*விலை உயர்ந்த நாற்காலிதான் நல்லதா?*
இல்லை. உங்கள் அளவுக்குப் பொருந்தும் நாற்காலியே நல்லது. பெரிய தலைதாங்கியும் அகன்ற இருக்கையும் கொண்ட விலையுயர்ந்த நாற்காலி, உயரம் குறைந்தவருக்குப் பயன்படாமல் போகலாம்.

*இருக்கும் நாற்காலியையே சரிசெய்துகொள்ளலாமா?*
பல நேரங்களில் முடியும். இருக்கை ஆழமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் உறுதியான மெத்தை வைக்கலாம். முதுகு வளைவுக்குச் சுருட்டிய துண்டு ஒன்று போதும். ஆனால் இருக்கைமேல் மெத்தைகளை அடுக்கினால் அவை நழுவும். கைதாங்கியின் உயரமும் பொருந்தாது. உட்கார்ந்ததும் தானாகத் தாழும் நாற்காலி, விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

*நடுவில் துளையுள்ள வட்ட மெத்தை வாங்கலாமா?*
மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம். அது துளையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

*வேலையிடத்தில் தரும் நாற்காலி எனக்குப் பொருந்தவில்லை. கேட்டால் வேலைக்கு ஆபத்தாகுமோ என்று தயங்குகிறேன்.*
இந்தத் தயக்கம் பலருக்கும் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி ஊழியர்களின் பாதுகாப்புக்கு நியாயமாக இயன்ற நடவடிக்கைகளை எடுப்பது முதலாளியின் பொறுப்பு. "எனக்கு முதுகு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "இருக்கை 6 செ.மீ. உயரமாக உள்ளது. காலணை ஒன்று கிடைத்தால் போதும்" என்று அளவோடு கேளுங்கள். தேவை தெளிவாக இருந்தால் மேற்பார்வையாளர் செய்து தருவதும் எளிது.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

நாற்காலியைச் சரிசெய்த பிறகும் சில வாரங்கள் வலி நீடித்தால், உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவ உதவி பெறுங்கள்:

• முதுகுவலியுடன் காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம்
• சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமை
• விழுந்த பின் தொடங்கிய கடும் வலி
• வலியுடன் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல்
• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும்

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே 995 எண்ணை அழையுங்கள்.

கடைக்கு எடுத்துச் செல்ல ஒரு பட்டியல்

☐ பாதங்கள் தரையிலோ காலணையிலோ முழுமையாகப் பதிகின்றன
☐ கெண்டைக்காலுக்கு முன் இரண்டு, மூன்று விரல் இடைவெளி உள்ளது
☐ முதுகின் உள்வளைவுக்குத் தாங்கல் உள்ளது
☐ கைதாங்கி உறுதியானது. ஊன்றி எழ முடிகிறது
☐ சக்கரம் என் வீட்டுத் தரைக்கு ஏற்றது
☐ விசைப்பிடிகளை நானே இயக்க முடிகிறது
☐ என் மேசையின் உயரத்துடன் ஒத்துப்போகிறது
☐ மூன்று முறை உட்கார்ந்து, தடுமாறாமல் எழுந்தேன்

எல்லாக் கட்டங்களிலும் குறியிட முடிந்தால் அந்த நாற்காலியை வாங்கலாம். கடைசிக் கட்டத்தில் குறியிட முடியாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அது உங்களுக்கான நாற்காலி அன்று.